சீரியஸுக்கு வேறு சொற்கள்

“ஒரு வார்த்தை செல்வி. ‘சீரியஸ்’னு ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தா அன்னைக்கே கிளம்பி வந்திருப்பேனா இல்லையா?”

சிவராமன் கேட்கக் கேட்கத் தங்கை தாமரைச்செல்வி குனிந்தபடியே இருந்தாள். சாப்பிட்ட இலைகளை மடித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தெட்சிணாமூர்த்தியின் கருமாதி முடிந்து, பந்தலில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மறுநாள் திருச்சியிலிருந்து சிவராமனுக்குச் சிங்கப்பூர் விமானம். அதற்குள் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று பதினாறு நாளாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தான்.

கேட்காமல் என்ன செய்வான்? அப்பா இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். தினமும் காலையில் செல்வியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு சொல் வரும். ஒருநாள் ‘ஸ்டேபிள்’. ஒருநாள் ‘ரெஸ்டிங்’. ஒருநாள் ‘கம்ஃபர்ட்டபிள்’. அவனும் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். ஃபோனில் கூப்பிட்டால், தூங்குறாங்கண்ணே என்பாள். வரிச்சிக்குடி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவளுக்கு இவ்வளவு இங்கிலீஷா, தேறிட்டியே என்று கேலிகூடப் பண்ணினான்.

இருபத்து மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். வந்து சேர்ந்தபோது அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்.

“நாலு மணி நேர ஃப்ளைட்டு. ஒரு வாய் தண்ணியாவது கொடுத்திருப்பேன்ல.”

தாய்மாமன் ஜெயபிரகாஷ் மிச்சமிருந்த வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார். “எங்கக்காவுக்கு முடியலைன்னப்ப, சேதி போன மறுநாளே வாசல்ல வந்து நின்ன புள்ளப்பா இவன். அப்பனுக்கு வரமாட்டேன்னா சொல்லியிருப்பான்? வந்தா வீட்டைப் பங்கு போடுற பேச்சு வந்துடும்னு சில பேருக்குப் பயம்.”

செல்வி நிமிர்ந்து அண்ணனை ஒருதடவை பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இலைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

அந்தப் பார்வை அவனை இன்னும் கிளப்பிவிட்டது. இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்கப் போவதில்லை என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பீரோ மேல் ஆஸ்பத்திரிப் பை இருந்தது. டாக்டர் எந்தத் தேதியில் என்ன எழுதினார் என்று எடுத்து, அவள் அனுப்பியதோடு வைத்து, மாமா முன்னாலேயே காட்டிவிடலாம்.

ஃபிளாஸ்க். துண்டு. அதற்கடியில் அப்பாவின் பழைய டிக்‌ஷனரி. இது எதற்கு ஆஸ்பத்திரிக்கு? அதன் உள்ளே, நாலாக மடித்த ஈ.சி.ஜி. தாள். பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. முப்பது வருஷம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் குறிப்பு எழுதிய கை. எழுத்து நடுங்கியிருந்தது. இடதுபக்கம் விட்ட மார்ஜின் மட்டும் கோணவில்லை.

‘செல்விக்கு. அண்ணனுக்குத் தினம் ஒன்றாக அனுப்பவும். ஒன்றையே திரும்பப் போட்டால் சந்தேகப்படுவான்.

ஸ்டேபிள் – மாற்றமில்லை. ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனால் இதைப் போடு.

ரெஸ்டிங் – ஓய்வில். எனக்கு நினைவு தப்பினால் போடு. பொய்யாகாது.

கம்ஃபர்ட்டபிள் – வலியில்லை. ஊசி போட்ட பிறகு.

அண்டர் அப்சர்வேஷன் – கண்காணிப்பில். இது வேண்டாம், ஃபோன் பண்ணிக் குடைவான்.’

இப்படியே தாள் முழுக்க. அனுப்பியதற்கெல்லாம் பக்கத்தில் செல்வியின் பேனாவில் டிக், தேதி. கடைசி மூன்று சொற்களுக்கு டிக் இல்லை.

தாளின் ஓரத்தில் ஒரு சொல்லை எழுதி, இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார். ‘சீரியஸ் – இதை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதே.’

மாமா பெருமையாகச் சொன்ன அந்த மறுநாள் சிவராமனுக்கு ஞாபகம் வந்தது.

அம்மா இருந்த காலம்; ஒன்பது வருஷம் ஆகிறது. ‘மதர் சீரியஸ்’ என்று அப்பா அனுப்பியதைப் பார்த்து, மேனேஜரிடம் சண்டை போட்டு லீவு வாங்கி ஓடிவந்தான். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பிழைத்துக்கொண்டாளே என்ற சந்தோஷத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

“சீரியஸ்னா என்ன அர்த்தம்னு தெரியுமாப்பா உங்களுக்கு? இனிமே டிக்‌ஷனரியைப் பாத்துட்டு அனுப்புங்க.”

அப்பா பையை வாங்கி உள்ளே வைத்தார். மாமா அப்போது இல்லை. செல்வி இருந்தாள்.

“அதை ஏண்ணே எடுத்தே?”

அறை வாசலில் இப்போது செல்விதான் நின்றாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “வேலை முடிஞ்சதும் கிழிச்சுடுன்னாங்க அப்பா. கடைசியா எழுதினதாச்சே, மனசு வரலை. மாமா கண்ணுல படறதுக்குள்ள உள்ள வச்சுடு. உன்னைப் பத்தித் தப்பா நெனைப்பாரு.”

சிவராமன் தாளை மடிக்கப் போனான். தாளின் அடியில், ஆபீஸ் குறிப்பை முடிக்கிற வழக்கப்படி, கையெழுத்துக்கு மேலே அப்பா ஒரு வரி எழுதியிருந்தார்.

‘சிவா சொன்னபடி டிக்‌ஷனரியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். தப்பு இருக்காது.’