நான்கு நிமிடப் பச்சை விளக்கு

மின்சாரம் போய் வந்தால் வங்கிக் கிளைகளின் கணினி இணைப்பைக் காக்கும் ஃபயர்வால் பெட்டிகள் இப்போது தாமாகவே எழுந்து, நலம் என்று செய்தியும் அனுப்பிவிடுகின்றன. தலைமை அலுவலகத்தில் அவற்றைக் கவனிக்கும் தாயுமானவனின் தொலைபேசி ஒலித்து மூன்று வருடமாகிறது. முன்பெல்லாம் மழைக்காலத்தில் பெட்டியை எழுப்ப வழிகேட்டு மணப்பாடு கிளையிலிருந்து ஜெசிந்தா கூப்பிடுவார். பொத்தானை அழுத்தினால் விளக்கு பச்சையாக மாற நான்கு நிமிடம் ஆகும். அதுவரை கடலைப் பற்றியும் மீன்குழம்பைப் பற்றியும் பேசுவார்கள்.

இன்று தொலைபேசி ஒலித்தது.

"சார், மணப்பாடு ஜெசிந்தா பேசுறேன். கரண்ட் வந்துட்டு, பெட்டி எந்திரிக்கல."

தாயுமானவன் திரையைப் பார்த்தார். தானாக எழும் வசதியைக் காலையில் யாரோ அணைத்திருந்தார்கள். பதிவில் ஜெசிந்தாவின் பெயர் இருந்தது. விதிப்படி அதைப் புகாராக எழுத வேண்டும்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொத்தானை அமுக்குங்க மேடம். அங்க மழையா?"