தெருப்பூனைக்கு இலவசம்

மிருக ஆஸ்பத்திரிப் பலகையைப் படித்ததும் தச்சர் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார். பெர்சியன் பூனைக்கு ஆபரேஷன் முப்பதாயிரம், தெருப்பூனைக்கு இலவசம்.

வீட்டில் மகள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். நோயில் சுருண்டு கிடந்த அவளுடைய பெர்சியன் பூனையின் பட்டுமுடியைக் கொத்துக்கொத்தாகக் கத்தரித்து, தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினார்.

"என்ன பூனை சார்?" என்றாள் நர்ஸ்.

"தெருவுல கிடந்துச்சும்மா. எப்படியாவது காப்பாத்துங்க."

"மூக்கு சப்பையா இருக்கே?"

"எங்கேயாவது அடிபட்டிருக்கும்."

நர்ஸ் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

பத்தாம் நாள் அப்பாவும் மகளும் கூடையும் கையுமாக வந்து நின்றார்கள்.

"பூனை பொழச்சிருச்சு சார். காலையில ஒரு அம்மா வந்து வளர்க்கிறேன்னு கேட்டாங்க, கொடுத்துட்டோம்."

"ஐயோ, யாரும்மா அவங்க? வீடு எங்கே?"

"தெருப்பூனைக்கெல்லாம் நாங்க விலாசம் வாங்கறதில்ல சார்."