படியேறும் பக்தி

மலைக்கோயிலுக்குப் போவது என்று முடிவானதும் மாப்பிள்ளைக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது.

"நாங்க ரெண்டு பேரும் படியேறித்தான் வருவோம். அத்தைக்கு மூட்டு வலி. அவங்க மட்டும் ரோப் கார்ல வரட்டும்" என்றார்.

மாமியார் உருகிப்போனாள். "பெத்த பிள்ளைகூட இப்படித் தாங்க மாட்டான்டி!" என்றாள் மகளிடம்.

மகளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மொட்டைமாடியில் துணி எடுத்து வரச் சொன்னாலே மூச்சு வாங்குகிற மனுஷன்! புருஷனைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"நாமளும் ரோப் கார்லயே போனா என்னவாம்?"

"மெதுவா பேசு. போன வாரம் அதைச் சோதிச்சு, எல்லாம் பிரமாதமா இருக்குன்னு எழுதிக் குடுத்த இன்ஜினீயரே நான்தான்."

"அப்புறம் என்ன பயம்?"

"சோதனைக்காக அன்னிக்கு ரோப் காரை நிறுத்திட்டாங்க. உச்சியில இருக்கிற சக்கரத்தைப் பாக்கணும்னா படியேறணும். அந்த வெயில்ல எவன் ஏறுவான்? அடிவாரத்துல டீ குடிச்சுக்கிட்டே எழுதிட்டேன்."

அடுத்த நிமிடம் கூடத்தில் அவள் குரல் கேட்டது.

"அம்மா, மூட்டு வலிக்குப் படியேறுறதுதான் ரொம்ப நல்லதாம்!"