அந்த வண்டி

அரியலூர் ஸ்டேஷனில் வெயில் சாய்கிறது. பெரம்பலூரிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் குலுங்கி வந்த அலுப்போடு, இங்கிலீஷ் வாத்தியாரான நான் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்துகிறேன். விரலெல்லாம் சிவப்பு மை. ‘தி’ (the) வேண்டிய இடத்தில் பையன்களில் ஒருவனும் போடவில்லை. எப்படிப் போடுவான்? நம்மிடம் அப்படி ஒரு சொல்லே கிடையாது. வெள்ளைக்காரனுக்கும் ஆதியில் கிடையாதாம். ‘அந்த’ என்று விரல் நீட்டிச் சொன்ன சொல்தான், பொருள் எல்லோருக்கும் தெரிந்துபோனதும் விரலை விட்டுவிட்டு, தேய்ந்து ‘தி’ ஆயிற்றாம். பக்கத்தில் கடலைக் கூடையோடு குந்தியிருக்கும் ஆண்டாயி, “அந்த வண்டி வந்துடுச்சா?” என்கிறாள். கை மடியிலேயே கிடக்கிறது. “இன்னும் இல்ல ஆத்தா” என்று போர்ட்டர் உத்திராபதி நிற்காமல் நடக்கிறார். “எந்த வண்டிம்மா?” என்று கேட்டுவிடுகிறேன். உத்திராபதி திரும்பி, “பர்மா சண்டைக்குப் போன மவன் வர்ற வண்டிங்க சார். மூணு வருசமா கேட்டுக்கிட்டிருக்கு” என்கிறார். வண்டி வரும் பக்கத்தை எனக்குக் காட்டுவதற்காக ஆண்டாயி கையைத் தூக்குகிறாள். தண்டவாளம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மினுங்குகிறது. தூக்கிய கை அப்படியே நிற்கிறது. பிறகு மெல்ல இறங்கி, கடலைமேல் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிறது.