ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டம்

மூன்றாவது தடவையாக ஆட்டம் அருண்பாண்டியை வெளியே தள்ளியது.

திரையில் அதே பெட்டி. ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே இரண்டு பொத்தான்கள். அவன் படிக்கவில்லை. வலது பக்கம் இருந்ததைக் குத்தினான். ஆட்டம் திறந்தது.

எத்தனை நிமிடத்துக்கோ.

ஒற்றை ஆள் ஆடுகிற ஆட்டம் அது. பனிக்காடு, குடிசை, ஒரு கோடரி, ஒரு நாய். எதிரி கிடையாது, கூட்டாளி கிடையாது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவன்தான் என்று கம்பெனிக்கு ஓயாமல் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நெட் வேண்டும். ஒரு விநாடி நெட் போனாலும் கம்பெனிக்காரன் கதவைச் சாத்திவிடுவான்.

அன்று மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் மாலை ஐந்துக்குத்தான் வரும். வீட்டு மோடம் செத்துக் கிடந்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் கொடுத்திருந்தான். மலையிலிருந்து இறங்கிய ஆனிக் காற்று கொடியில் கிடந்த வேட்டியை அறைந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில்தான் சிக்னல் அறுந்து அறுந்து போகிறது என்று நினைத்தான்.

அவனுக்குத் தேவை இரண்டு மணி நேரம். விறகு வெட்டி, நாய்க்குச் சோறு வைத்து, தலைக்குள் ஓடுவதை நிறுத்த வேண்டும்.

தங்கச்சி சினேகா வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது.

நகையைத் தொடவில்லை. சான்றிதழ்கள், இரண்டு சுடிதார், பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப். அவ்வளவுதான். போனை அணைத்துவிட்டாள். யாரோடு போனாள் என்பது வீட்டுக்குத் தெரியும். அவன் எந்தத் தெருக்காரன் என்பதும் தெரியும். அதுதான் பிரச்சினை.

நாலாவது தடவையும் தள்ளியது. மறுபடி குத்தி உள்ளே போனால் இன்னொரு கூத்து. குடிசை வாசலில் விட்டுவந்த ஆள் ஆற்றங்கரையில் நின்றான். வெட்டாத விறகு வெட்டி அடுக்கியிருந்தது. எவனுடைய ஆட்டத்தையோ கொண்டுவந்து தன் ஆட்டத்தில் ஒட்டிவிட்டார்கள் என்று அருண்பாண்டி கெட்ட வார்த்தையில் திட்டினான்.

சத்தம் கேட்டு, பக்கத்து மாடியில் மதன்குமார் தலையை நீட்டினான்.

“காசு குடுத்து வாங்குனவன் நீ, மாடியில கெடந்து காயுற. திருடி ஏத்துனவன் நான், நெட்டே இல்லாம கட்டில்ல படுத்து ஆடுறேன். நம்ம ரெண்டு பேர்ல யாருலே கேனயன்?”

அருண்பாண்டி திரைப் பக்கம் திரும்பினான். ஐந்தாவது தடவையாகப் பெட்டி வந்து நின்றது.

அப்போது படியில் செருப்புச் சத்தம். மதன்குமாரின் தலை மறைந்தது.

பெரியப்பா கோட்டைச்சாமி மூச்சிரைக்க ஏறி வந்தார். பதினோரு நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. கீழே ஜீப் நின்றது, உள்ளே இரண்டு பேர்.

“குமுளியில பாத்ததாச் சொன்னாக. அங்கன போனா ஒருத்தரும் இல்ல. இப்ப ஆண்டிபட்டிங்கிறாக.” சுவரில் கையூன்றி நின்றார். “கண்டா பேசிக் கூட்டிட்டு வரத்தான் போறோம். வேற என்ன?”

பேசப் போகிறவர்களுக்குச் சாக்கில் சுற்றிய அரிவாள் எதற்கு என்று அருண்பாண்டி கேட்கவில்லை. காலையில் அதை ஜீப்பில் எடுத்து வைத்ததே அவன்தான். வைக்கச் சொன்னார், வைத்தான்.

“ஏலே, எந்நேரமும் இந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுகுறியே. அவ எங்கன இருக்கான்னு இதுல பாக்க முடியாதா?”

“போனப் போட்டாத்தான் முடியும் பெரியப்பா. அணைச்சுல்ல வச்சிருக்கா.”

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தான். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் பெட்டியில் இருந்ததைப் படித்தான்.

நெட் இல்லை என்று அதில் எங்கும் இல்லை.

இந்தக் கணக்கு இப்போது வேறொரு கணினியில் ஆடப்படுகிறது. அந்தக் கணினியை வெளியேற்றிவிட்டு இங்கே தொடரலாமா?

வலது பக்கப் பொத்தான், ஆம். அதைத்தான் அவன் காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தான்.

அண்ணனும் தங்கச்சியும் காசு சேர்த்து, ஒரே கணக்கில்தான் அந்த ஆட்டத்தை வாங்கியிருந்தார்கள். பாஸ்வேர்டு மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

காற்றும் தள்ளவில்லை, கம்பெனியும் தள்ளவில்லை. அவன் தள்ளத் தள்ள அவளும் தள்ளியிருக்கிறாள். அவள் எதையும் படிக்காமல் குத்துகிறவள் இல்லை. எதிர்ப்பக்கம் யார் என்று தெரிந்தேதான் தள்ளியிருக்கிறாள்.

பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அந்தக் கணினி எந்த ஊரில் இருக்கிறது என்று பார்க்க, இங்கே அழுத்தவும்.

பெரியப்பா குனிந்தார். கண்ணாடி ஜீப்பில் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“என்னலே போட்டிருக்கு?”

போனில் சிக்னல் கோடு நாலும் நிறைந்து நின்றன. அருண்பாண்டி அதைக் கவிழ்த்து வைத்தான்.

“நெட்டு இல்லையாம் பெரியப்பா.”

“காசு குடுத்துத்தான வாங்குன?”

“ஆமா.”

“அப்புறம் என்ன எளவுக்கு நெட்டு கேக்குறான்? இவனுகள எல்லாம் வெட்டணும்லே.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஜீப் கிளம்பி, திரும்பி, ஆண்டிபட்டிப் பக்கம் போகிற சத்தம் கேட்டது.

அருண்பாண்டி அந்தச் சின்ன வரியை அழுத்தவில்லை. ஊர்ப் பெயர் தெரிந்தால், கேட்கிறவர்கள் கேட்கிற விதத்தில் கேட்டால், சொல்லிவிடுவான். தன்னைப் பற்றி அவனுக்கு அவ்வளவு தெரியும்.

லேப்டாப்பை மூடினான். சாயங்காலம் கரண்ட் வந்த பிறகும் திறக்கவில்லை.

ஒரு கணக்கில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஆட முடியும்.