பக்கத்து இலை

"அந்தக் குடிகாரன் பக்கத்துல என் இலையைப் போடாதேங்கோ, ஐயரே!"

ஜகந்நாதன் பலகையைத் தூக்கிக்கொண்டு பந்தியின் மறுகோடிக்குப் போய்விட்டார். பம்பாய் மாட்டுங்கா மெஸ்ஸில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மெஸ் நடத்துகிற ஜம்பு ஐயர் சாம்பார் வாளியோடு திகைத்து நின்றார்.

சுந்தரராமன் மட்டும் நிமிரவில்லை. ஃபோர்ட் பகுதியில் ஒயின் இறக்குமதி செய்கிற வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட். அறையில் பாட்டில் வேறு இருக்கிறதாம். பெருக்க வந்தவள் பார்த்தாளாம். மாட்டுங்காவில் ஒருவரைக் குடிகாரனாக்க இதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்ன?

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, நாலு மனிதர்களோடு அவர் உட்காருகிற இடம் அந்த மெஸ் ஒன்றுதான். பேசத்தான் யாரும் இல்லை.

அன்று இருட்டின பிறகு கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த அறைக் கதவு என்றே நினைத்தார். திறந்து பார்த்தால், ஜகந்நாதன்!

"உள்ளே வரலாமா, ஓய்?"

சுந்தரராமன் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி கலந்தார்.

விஷயம் இதுதான். ஜகந்நாதனின் துரை வீட்டில் பிறந்தநாள் விருந்து. பிரமோஷன் அந்தத் துரையின் கையில். அவருக்குப் பிரெஞ்சு சிவப்பு ஒயின் என்றால் உயிர். ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்ததிலிருந்து பம்பாய்க்கு அது வருவதே இல்லை.

"உம்மகிட்ட ஒண்ணு இருக்காமே?"

சுந்தரராமன் டிரங்குப் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்தார். "பிரான்ஸ்ல போர்தோங்கிற ஊர்ச் சரக்கு. சண்டைக்கு முந்தினது. கிறிஸ்மஸுக்குக் கம்பெனியில கொடுத்தா. வேண்டாம்னா கோவிச்சுப்பா. நீங்க எடுத்துண்டு போங்கோ."

"துரை கேட்டா இதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணுமே, ஓய்?"

கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது! மனிதர் மடை திறந்தார்.

"மூணு திராட்சையோட கலப்பு இது. ஒண்ணு முரடு, நாக்கைப் பிடிச்சு இழுக்கும். இன்னொண்ணு சாது, அதைத் தட்டிக்கொடுத்து அடக்கும். மூணாவது வாசனைக்கு. தனித்தனியா விட்டா சோபிக்காது, சேர்ந்தாத்தான் ருசி. ஆட்டுக்கறி ரோஸ்டுக்கு அபாரம். பழைய சீஸுக்கும் ஒத்துப்போகும். மீனுக்கு ஆகாது. புளியும் மிளகாயும் கிட்டவே வரப்படாது. சாப்பிடறதுக்கு முன்னாடியே திறந்து வைக்கச் சொல்லுங்கோ, காத்து பட்டாத்தான் முரடு அடங்கும்."

"பலே! ரொம்பக் குடிச்சுப் பாத்திருக்கீர் போல!"

"நானா? ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லை. எல்லாம் டைப் அடிச்ச ஞானம்."

ஜகந்நாதன் விழுந்து விழுந்து சிரித்தார். பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நாளைலேருந்து உம்ம பக்கத்துலதான் என் இலை, பாரும்!"

அவர் போன பிறகு சுந்தரராமன் அந்தக் காப்பி டம்ளரை உடனே அலம்பவில்லை. அந்த அறையில் இன்னொருவர் குடித்துவிட்டு வைத்த டம்ளரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மெஸ்ஸுக்குச் சீக்கிரமே போய் உட்கார்ந்தார். ஜகந்நாதன் வந்தார். அவரை நோக்கி இரண்டு எட்டு வைக்கவும் செய்தார். அதற்குள் ஜம்பு ஐயர் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"சுந்தரராமன், நேத்து உம்ம ரூம்லேருந்து எவனோ பாட்டிலைப் பேப்பர்ல சுத்தி எடுத்துண்டு போனானாம். எதிர்வீட்டுக்காரா பாத்திருக்கா. பிளாக்-அவுட்டுன்னு தெரு விளக்கெல்லாம் அணைச்ச இருட்டுல மூஞ்சி தெரியலையாம். நம்ம மெஸ் ஆள் மாதிரி இருந்ததாம். தெருவுல பாட்டிலோட நடந்தா மெஸ் பேர் என்னாறது? யாரு அது? பேரைச் சொன்னா அவனை விரட்டறேன், நீர் இருக்கலாம். சொல்லலைன்னா நாளைலேருந்து உமக்கு இங்கே சாப்பாடு கிடையாது."

பந்தியில் அத்தனை தலைகளும் சுந்தரராமன் பக்கம் திரும்பின.

ஜகந்நாதன் மெல்லப் பின்வாங்கி மறுகோடியில் போய் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். அதில் அப்படி என்ன தூசி இருந்ததோ, துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுந்தரராமன் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யாரும் வரலையே, ஐயரே. என் ரூமுக்கு யார் வரப்போறா?"