மார்கழித் தாலி

“மார்கழியில எவனாவது தாலி கட்டுவானா?” மாப்பிள்ளையின் அம்மா பஞ்சாங்கத்தைப் பட்டென்று மூடினாள். “தை பதினஞ்சு நல்ல முகூர்த்தம்.”

“அப்படியே வச்சிருவோம் மதினி. நான் எங்க போயிரப் போறேன்?” என்று சிரித்தார் யாழிசையின் அப்பா.

அப்பாவின் நெஞ்சுக்குள் இதயத்தைத் துடிக்க வைக்கும் பழைய பேஸ்மேக்கர் கருவிக்கு, வரும் 2038 ஜனவரி பத்தொன்பதுக்கு மேல் தேதி எண்ணத் தெரியாது. தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அன்று காலை அதன் நொடிக் கணக்கு நிரம்பி 1901-க்குப் போய் விழும், கருவி நின்றுவிடும். வேறு பொருத்த அவர் உடம்பில் தெம்பில்லை. டாக்டர் சொன்ன இந்த விஷயம் யாழிசைக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும்.

“இல்ல, மார்கழியிலயே வைங்க,” என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா அவள் வயிற்றையே பார்த்தாள். “எத்தன மாசம்?”

“ரெண்டு,” என்று யாழிசை பொய் சொன்னாள். மாப்பிள்ளை மறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

மார்கழியிலேயே கல்யாணம் நடந்தது. தாலி ஏறியபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே அட்சதை போட்டார். அந்த ஜனவரிக் காலை வரை அவர் மகளோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.